2 ஜிபிகூட இல்லாத ஃபோல்டர் 64 ஜிபி பென்டிரைவில் அடங்கவில்லை. இடம் எங்கே போகிறது?

கெடிலம்:
வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். பழைய தமிழ் அச்சுப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, பக்கங்களை வரிவரியாக வெட்டி, ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைப் படித்து டெக்ஸ்டாக மாற்றும் மென்பொருள்) பயிற்சிக்குத் தரவு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளில் பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும்: வரிக்கு ஒரு பிஎன்ஜி படம், அதே பெயரில் அந்த வரியைத் தட்டச்சு செய்த ஒரு டெக்ஸ்ட் கோப்பு. 104 புத்தகம், 3,10,000 வரி. ஆக 6,20,000 கோப்பு.

லேப்டாப்பில் (விண்டோஸ், டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆனது) அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து பார்த்தால் சைஸ் 1.88 ஜிபி, அதற்குக் கீழே சைஸ் ஆன் டிஸ்க் (டிஸ்க்கில் பிடித்திருக்கும் இடம்) 2.36 ஜிபி என்கிறது. இதைப் புதுச்சேரியில் இருக்கும் நண்பருக்குக் கொடுக்க வேண்டும். அவரிடம் மேக். அதனால் புதுப் பென்டிரைவ் ஒன்றை, விண்டோஸ், மேக் இரண்டிலும் வேலை செய்யும் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தேன். 64 ஜிபி என்று வாங்கியது, காலியாக இருக்கும்போது 57.2 ஜிபி காட்டியது. ராத்திரி காப்பி போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் 'போதிய இடம் இல்லை' என்று நிற்கிறது. 2 ஜிபிக்குக் கீழே உள்ள சமாச்சாரம் 57 ஜிபியில் எப்படி அடங்காமல் போகும்? பென்டிரைவே கோளாறா?

வண்டிப்பாளையம்:
போலிப் பென்டிரைவாக இருக்கும் தம்பி. 64 என்று மேலே அச்சடித்து உள்ளே 2 ஜிபி சிப் வைத்து விற்கிறார்கள். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளைப் போட்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பாருங்கள், சாயம் வெளுத்துவிடும். பில் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

முத்தியால்பேட்டை:
போலி டிரைவ் பெரும்பாலும் 'இடம் இல்லை' என்று சொல்லாது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட மாதிரி நடிக்கும். திறக்கும்போதுதான் கோப்பு கெட்டுப்போயிருப்பது தெரியும். இது அந்த வியாதி இல்லை. கிளஸ்டர் கணக்கு. டிரைவ் கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் மிகச் சிறிய துண்டுதான் கிளஸ்டர், அலொகேஷன் யூனிட் என்பதும் அதுவே.

கெடிலம், மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து செக்டிஸ்க் கட்டளையைப் பென்டிரைவின் எழுத்தோடு கொடுங்கள். கடைசி வரிகளில் ஒரு அலொகேஷன் யூனிட்டுக்கு எத்தனை பைட் என்று வரும். அப்புறம், பென்டிரைவில் ஏறிய ஃபோல்டரின் சைஸ், சைஸ் ஆன் டிஸ்க் இரண்டும். மூன்றாவது, எத்தனை கோப்பு ஏறியதும் நின்றது? என் ஊகம் 4,68,000-ஐ ஒட்டி.

கெடிலம்:
சார், எப்படிச் சொன்னீர்கள்? 4,67,000 சொச்சத்தில் நிற்கிறது. அலொகேஷன் யூனிட் 131072 பைட். சைஸ் 1.4 ஜிபிதான், சைஸ் ஆன் டிஸ்க் 57 ஜிபி.

முத்தியால்பேட்டை:
131072 பைட் என்றால் 128 கேபி. விண்டோஸில் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்து, அலொகேஷன் யூனிட்டைத் தொடாமல் விட்டால் கிடைப்பது இதுதான். 256 எம்பிக்கு மேல் 32 ஜிபி வரை 32 கேபி. அதைத் தாண்டினால் 128 கேபி. என்டிஎஃப்எஸ்ஸில் 16 டிபி வரைக்கும் 4 கேபிதான் வழக்கம். அதனால்தான் லேப்டாப்பில் உங்களுக்கு எதுவும் உறுத்தவில்லை.

கோப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஒரு முழு கிளஸ்டரை எடுத்துக்கொள்ளும். மிச்ச இடத்தில் இன்னொரு கோப்பு நுழைய முடியாது. லாட்ஜில் ஒற்றை ஆள் வந்தாலும் பத்துப் பேர் படுக்கும் அறையைத்தான் தருவோம் என்பது போல. 57.2 ஜிபியை 128 கேபியால் வகுத்தால் சுமார் 4,68,500 கிளஸ்டர். உங்கள் கோப்பு எதுவும் 128 கேபியைத் தாண்டியிருக்காது என்று வைத்துக்கொண்டால், தலைக்கு ஒரு கிளஸ்டர். கொஞ்சம் ஃபோல்டர் பட்டியலுக்கே போய்விடும். மிச்சம்தான் நீங்கள் பார்த்த எண்ணிக்கை.

மொத்தமும் ஏற வேண்டுமானால் 6,20,000 × 128 கேபி, அதாவது 75.7 ஜிபி தேவை. உள்ளே இருக்கும் உண்மையான சரக்கு அதில் நூற்றுக்கு இரண்டரை பங்குதான்.

ஓ.டி.காரர்:
ஒரு சந்தேகம். 'கோப்புக்குச் சராசரி அரை கிளஸ்டர் வீண்' என்றுதான் படித்திருக்கிறேன். அந்தக் கணக்குப்படி 6,20,000 × 64 கேபி, சுமார் 38 ஜிபிதானே வீணாக வேண்டும்? 1.88-ஐக் கூட்டினாலும் 40 ஜிபி. 57-இல் தாராளமாக அடங்கியிருக்க வேண்டுமே.

முத்தியால்பேட்டை:
அந்த அரை கிளஸ்டர் விதி, கோப்புகள் கிளஸ்டரை விடப் பல மடங்கு பெரியதாக இருந்தால்தான் செல்லும். அப்போது வீணாவது கடைசி கிளஸ்டரின் வால் மட்டும். அது சில கோப்பில் நிறையும், சிலதில் காலியாக இருக்கும், சராசரி பாதியில் வந்து நிற்கும். கோப்பே கிளஸ்டரை விடச் சிறியது என்றால் வால் எங்கே இருக்கிறது? 200 பைட் டெக்ஸ்டுக்கு 128 கேபி கொடுத்தால் ஏறத்தாழ முழு கிளஸ்டரும் வீண். சராசரியை வைத்துக்கொண்டு இதை முடிவு செய்யவே முடியாது, அளவுகள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

கெடிலம், ஓசிஆர் வேலை செய்கிறவருக்குப் பைத்தான் வரும்தானே? எல்லாக் கோப்பின் நீளத்தையும் பைட்டில் எடுத்து, 4 கேபி வரை, 4-8, 8-16, 16-32 என்று பிரித்து எண்ணுங்கள். கூடவே ஒவ்வொரு நீளத்தையும் கிளஸ்டர் அளவால் வகுத்து, மேல்நோக்கி முழு எண்ணாக்கி, மறுபடி கிளஸ்டர் அளவால் பெருக்கிக் கூட்டுங்கள். எக்செல் வசதி என்றால் அதிலும் செய்யலாம். 10,48,576 வரிசை வரை தாங்கும், உங்கள் 6,20,000 உள்ளே வந்துவிடும். 4, 8, 32, 128 நான்குக்கும் போட்டுப் பாருங்கள். ஃபார்மட் செய்யாமலேயே விடை தெரிந்துவிடும்.

கெடிலம்:
போட்டுப் பார்த்தேன். டெக்ஸ்ட் 3,10,000-மும் 700 பைட்டுக்குக் கீழே, பெரும்பாலானவை 200-ஐச் சுற்றி. படங்களில் 4 கேபிக்குள் 62,000, 4-8இல் 2,05,000, 8-16இல் 41,000, 16-32இல் 2,000. அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை.

மொத்த இடம்: 4 கேபி கிளஸ்டர் என்றால் 3.54 ஜிபி, 8 என்றால் 5.07, 32 என்றால் 18.9, 128 என்றால் 75.7.

ஆனால் ஒன்று இடிக்கிறது. 4 கேபிக்கு என் கணக்கு 3.54 ஜிபி. லேப்டாப்பும் 4 கேபிதான், அங்கே சைஸ் ஆன் டிஸ்க் 2.36 ஜிபி. மிச்சம் எங்கே?

முத்தியால்பேட்டை:
3.54-இலிருந்து 2.36 போனால் 1.18 ஜிபி. 3,10,000-ஐ 4 கேபியால் பெருக்கிப் பாருங்கள், அதே 1.18. அதாவது உங்கள் டெக்ஸ்ட் கோப்பு ஒன்றுக்குக்கூட லேப்டாப்பில் தனி கிளஸ்டர் கிடையாது.

என்டிஎஃப்எஸ் ஒவ்வொரு கோப்புக்கும் எம்எஃப்டி என்ற பதிவேட்டில் ஒரு பதிவு வைத்திருக்கும், வழக்கமாக 1 கேபி. பெயர், நேரம், அனுமதி எல்லாம் எழுதியது போக அதில் கிட்டத்தட்ட 700 பைட் மிஞ்சும். கோப்பின் உள்ளடக்கம் அதற்குள் அடங்கிவிட்டால் அங்கேயே வைத்துவிடும். தமிழ் எழுத்து யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட் பிடிக்கும், இருந்தும் ஒரு அச்சு வரி இதில் சுலபமாக உட்கார்ந்துவிடுகிறது. நோட்பேடில் ஒரு வரி தட்டிச் சேமித்து அதன் பிராப்பர்ட்டீஸைப் பாருங்கள், சைஸ் ஆன் டிஸ்க் 0 பைட் என்று வரும். முதல் தடவை பார்ப்பவர்கள் கோப்பு போச்சு என்று பதறுவதுண்டு.

அதற்காக அது இலவசம் இல்லை. 6,20,000 பதிவுக்கு எம்எஃப்டி மட்டும் 600 எம்பிக்கு மேல் வளர்ந்திருக்கும். அது ஃபோல்டர் கணக்கில் வராது. எக்ஸ்ஃபேட்டில் இந்த ஏற்பாடே இல்லை, ஒரு பைட் இருந்தாலும் ஒரு கிளஸ்டர்தான்.

வண்டிப்பாளையம்:
அப்படியானால் பென்டிரைவை மறுபடி ஃபார்மட் செய்து, அலொகேஷன் யூனிட்டில் 4096 தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. உள்ளே இருப்பது எல்லாம் அழியும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் சிக்கனமாக 512 பைட் வைக்கலாமே?

முத்தியால்பேட்டை:
512 வேண்டாம் அண்ணே. இடம் இன்னும் மிச்சமாகும், மறுக்கவில்லை. ஆனால் ஃபிளாஷ் சிப் உள்ளே பெரிய பெரிய பக்கமாகத்தான் எழுதும், துண்டு துண்டாகக் கொடுத்தால் திணறும். ஹார்ட் டிஸ்க்கிலும் இப்போது வருபவற்றில் உள் செக்டார் (டிஸ்க் ஒரு தடவையில் எழுதும் துண்டு) பெரும்பாலும் 4 கேபி. அதைவிடச் சிறிய கிளஸ்டர் வைத்தால், ஒரு துளி எழுத முழு செக்டாரைப் படித்துத் திருத்தித் திரும்ப எழுத வேண்டி வரும். 4 கேபியோடு நிற்பதே சரி.

என்னைக் கேட்டால் இந்த வேலைக்கு ஃபார்மட்டே தேவையில்லை. புத்தகத்துக்கு ஒரு ஜிப் போடுங்கள். பிஎன்ஜி ஏற்கெனவே சுருக்கப்பட்டது, அதனால் சுருக்காமல் 'ஸ்டோர்' முறையில் கட்டினாலே போதும், சீக்கிரம் முடியும். மொத்தத்தையும் ஒரே ஜிப்பாகக் கட்டாதீர்கள். பழைய ஜிப் அமைப்பில் 65,535 உருப்படிதான் எல்லை, அதற்கு மேல் ஜிப்64 என்ற விரிவாக்கிய அமைப்பு வேண்டும், எல்லா மென்பொருளும் ஒழுங்காகக் கையாளும் என்று நம்ப முடியாது. புத்தகத்துக்குச் சராசரி 6,000 கோப்பு, கவலையில்லை. 104 ஜிப்பும் ஒவ்வொன்றும் 20 எம்பி அளவில் வரும். இப்போது ஓ.டி.காரர் சொன்ன அரை கிளஸ்டர் விதி அச்சாகப் பொருந்தும்: 104 × 64 கேபி, ஆறரை எம்பிதான் வீண். அதே 128 கேபி கிளஸ்டரிலேயே.

நெட்டப்பாக்கம்:
இடையில் புகுந்து கேட்கிறேன். எங்களுடையது கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பென்டிரைவை நாங்களும் 4 கேபிக்கு மாற்ற வேண்டுமா?

முத்தியால்பேட்டை:
வேண்டாம் சார். 200 கோப்பில் 40 ஜிபி வீடியோ என்றால் 128 கேபி கிளஸ்டரில் வீணாவது 12 எம்பி சொச்சம். ஒரு ரா படத்தைவிடக் குறைவு. பெரிய கோப்புக்குப் பெரிய கிளஸ்டர்தான் நல்லது. கேமரா கார்டை மட்டும் கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்யாமல் கேமராவிலேயே செய்யுங்கள்.

கெடிலம்:
104 ஜிப்பும் கட்டி ஏற்றிவிட்டேன். மொத்தம் 2 ஜிபிக்குள். ராத்திரி முழுக்க ஓடியும் முடியாத காப்பி, இப்போது டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. வேகமும் மாறும் என்று எதிர்பார்க்கவில்லை.

முத்தியால்பேட்டை:
ஒவ்வொரு கோப்புக்கும் பட்டியலில் பதிய வேண்டும், இடம் ஒதுக்க வேண்டும், திறந்து மூட வேண்டும். ஆறு லட்சம் தடவை நடந்த அந்தச் சடங்கு 104 தடவையோடு முடிந்துவிட்டது.

புதுச்சேரி நண்பருக்கு ஒன்று சொல்லி அனுப்புங்கள். ஜிப்பை மேக்கின் உள் டிஸ்க்கில் பிரிக்கட்டும். பென்டிரைவிலேயே பிரித்தால் மறுபடி 128 கேபி கணக்குதான். அதோடு மேக், எக்ஸ்ஃபேட்டில் எழுதும்போது புள்ளியும் அடிக்கோடும் முன்னே போட்ட மறைவுக் கோப்பு ஒன்றைப் பல கோப்புகளுக்குத் துணையாக எழுதிவிடும். வழக்கமாக 4 கேபிதான், ஆனால் அதுவும் ஆளுக்கு ஒரு கிளஸ்டர் கேட்கும்.

கெடிலம்:
அவர் எதையும் பென்டிரைவிலேயே வைத்துப் பிரிக்கிற ஆள். டிரைவைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன். நன்றி சார்.