நெருக்கி நட்ட அலையாத்தி: கலைக்கலாமா, விட்டுடலாமா?

எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டுக்குப் பக்கத்துல ஒரு கழியோரம், நாலு வருசத்துக்கு முன்னாடி எங்க ஊர்ப் பசங்க சேர்ந்து அலையாத்தி நட்டோம். ஒரு பக்கம் மீட்டருக்கு ஒண்ணுன்னு ஒழுங்கா வச்சோம். மிச்சமான கன்னையெல்லாம் வெயில் தாங்காம இன்னொரு மூலையில அடிக்கொண்ணா திணிச்சிட்டு வந்துட்டோம். அந்த மூலைதான் இப்ப தலைவலி: கலைக்கலாமா, அதாவது சிலதை எடுத்துட்டு மத்ததுக்கு இடம் விடலாமான்னு.

நெருக்கத்துல நின்னது ஆள் உயரத்துக்கு மேல போயிருச்சு, ஆனா தண்டு விரல் கனம்தான். கீழ் இலையெல்லாம் உதிர்ந்து உச்சியில மட்டும் ஒரு குடுமி. தள்ளி நட்டது இடுப்பளவுதான், ஆனா அடியிலேயே கிளைச்சுப் புதரா நிக்குது. வெளிச்சத்துக்குப் போட்டி வந்தா செடி கனத்தை விட்டு உயரத்துக்கு ஓடும்னு புரியுது. நெருக்கம் கூடினா சிலது செத்துத்தான் மத்தது பெருக்கும்னு ஜப்பான் ஆராய்ச்சியாளர் யோடாவும் அவர் கூட்டாளிகளும் 1963லயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்காங்க. ஆனா உப்பு ஏறின சேத்துல பக்கத்துச் செடி நிழலும் ஒரு துணைதானே? அதான் கை வைக்கத் தயக்கம்.

ஊர்ப் பெரியவர் ஒருத்தர், "ஆட்டை விடு, அது கலைச்சிரும்"ங்கிறார். வேணாம் சாமி.

வனத்துறையில அனுமதி கேக்கப் போறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்க சொல்லுங்க: கலைக்கணுமா, தானா கலையட்டும்னு விடலாமா? கலைச்சா ஐப்பசி மழைக்கு முன்னாடியா, பின்னாடியா? சேத்துக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கிற மூச்சுவேரை மிதிக்காம உள்ள எப்படிப் போறது? தண்டுச் சுற்றளவை எந்த உயரத்துல அளக்கணும்? அடியிலேயே கிளைச்சதுக்கும் அதே உயரம்தானா? படம் கேட்டா நாளைக்குத் தண்ணி இறங்குற வத்தம் பார்த்து எடுத்துப் போடுறேன்.