விட்டு விட்டு மிஸ் அடிக்கும் பழைய கார்: வன்னியில் நாங்கள் கண்டுபிடித்த கோளாறுகள்

மல்லாவி, மொறிஸ் மைனர்

எந்த நேரமும் மிஸ் அடிக்கிற (சிலிண்டருக்குள் பெற்றோல் சரியாகப் பற்றாமல் தடுமாறுகிற) இஞ்சினில் கோளாறைப் பிடிப்பது பெரிய வேலை இல்லை. கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கேயும் மிஸ் அடிக்கும், மெக்கானிக்கும் காதால் கேட்பார், அரை மணித்தியாலத்தில் அலுவல் முடிந்துவிடும். வந்து வந்து போகிற மிஸ்தான் ஆளைக் கொல்லும். கராஜ் வாசலில் நின்றதும் ஒரு குறையும் இல்லாமல் ஓடும், நாங்கள் சொல்வதை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

எங்களுடையது அப்பாவின் மொறிஸ் மைனர், 1098 சிசி. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு புதுக் கார் என்ற கதையே வீட்டில் இல்லாமல் போனது, இருந்த இதைத்தான் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது, அதனால் இந்த மிஸ்ஸைச் சும்மா விடவும் முடியவில்லை. மல்லாவியிலிருந்து மாங்குளம் வரைக்கும் ஒன்றும் தெரியாது. ஏ9 பெருந்தெருவில் ஏறி வவுனியாப் பக்கம் திரும்பி, கனகராயன்குளம் தாண்டி, றோட்டு நேராக வந்து காலை ஒரே அளவாக வைத்துக்கொண்டு போகும்போதுதான் தொடங்கும். டக்கென்று ஒரு வெட்டு, உடனே பழையபடி ஓடும். கொஞ்சத் தூரத்தில் திரும்ப ஒரு வெட்டு. அக்சிலேற்றரை நன்றாக மிதித்தால் இல்லை. சந்தியில் நிற்கும்போதும் இல்லை.

வவுனியா ரவுணில் ஒரு கராஜில் முதலில் பிளக் நாலையும் மாற்றினார்கள். பிறகு கொயில் (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ற்றை உண்டாக்குகிறது). பிறகு அதோடு சேர்ந்து வேலை செய்கிற கண்டென்சர். அதற்குப் பிறகு பெற்றோலைக் காற்றோடு கலக்கிற காபரேற்றரைக் கழற்றிக் கழுவினார்கள். ஒவ்வொரு முறையும் "இதுதான் பிரச்சினை, இனி வராது" என்றுதான் சொன்னார்கள். சோதித்துப் பார்க்க ரவுணுக்குள் ஒரு சுற்று ஓடுவார்கள், ரவுணுக்குள் எங்கே ஒரே அளவாகக் கால் வைத்து ஓட முடியும்? மிஸ் வராது, காசைக் கொடுத்துவிட்டு வருவோம், புளியங்குளம் வரமுன்னமே வெட்டத் தொடங்கிவிடும்.

கடைசியில் மாங்குளத்துப் பக்கம் இருக்கிற வயதான மெக்கானிக் அண்ணை ஒருவரிடம் போனோம். 1990களில் பெற்றோல் வன்னிக்குள் வராத காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைத் திருத்தித் திருத்தியே வேலை பழகினவர். சின்னப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ராட் பண்ணி, சூடேறின பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுகிற காலம் அது. பிளக் கரி பிடிக்கும், இஞ்சின் ஒயில் தண்ணியாகும், மாற்றுவதற்குச் சாமான் கிடையாது. சாமான் இல்லாமல் வேலை பழகினவர்களுக்கு, கழற்றுவதற்கு முன்னால் யோசிக்கிற பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது. இது நான் மனதாரச் சொல்வது.

அவர் பொனற்றைத் திறக்கவே இல்லை. முதல் கேட்டது, "தம்பி, நாலும் ஒருமிக்க விடுதோ, ஒண்டு மட்டும் விடுதோ?"

"எல்லாம் ஒருமிக்கத்தான் அண்ணை. சாவியை நிப்பாட்டித் திருப்பிப் போட்ட மாதிரி."

"அப்ப ஏன் பிளக்கை மாத்தினவங்கள்?"

யோசித்தால் சரிதானே. ஒரு சிலிண்டர் மட்டும் விட்டால் அது பிளக், அந்தப் பிளக்குக்குப் போகிற வயர், வால்வு, இவற்றில் ஒன்று. அதற்கு நொண்டுகிற ஒரு தாளம் இருக்கும், ஐடிலில் (அக்சிலேற்றர் மிதிக்காமல் இஞ்சின் ஓடும்போது) ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்த்தால் எதைக் கழற்றும்போது இஞ்சினில் மாற்றம் இல்லையோ அதுதான் ஆள். (கரண்டு அடிக்கும், கைப்பிடியில் இன்சுலேசன் உள்ள குறட்டால் பிடியுங்கள்.) நாலும் ஒருமிக்க விட்டால் நாலுக்கும் பொதுவான இடத்தில்தான் தேட வேண்டும்: கொயில், பொயின்ற் (கொயிலுக்குப் போகிற கரண்டை விட்டு விட்டு அறுக்கிற சின்னச் சுவிச்), ரோட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்காகத் திருப்பிவிடுவது), இக்னிசன் சுவிச், அல்லது பெற்றோல். பெற்றோல் குறைந்தால் வெட்டாது, இழுவை மெல்ல மெல்ல இறங்கும். டக்கென்று வெட்டினால் அநேகமாகக் கரண்டுதான்.

பிறகு அவர் செய்ததை நான் இதற்கு முன் எங்கும் பார்க்கவில்லை. ஒரு சின்னப் பல்பில் இரண்டு நீள வயரைப் பற்றாசு வைத்து ஒட்டினார். ஒரு நுனியை, டிஸ்ரிபியூட்டருக்கு (நாலு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பங்கிடுவது, பொயின்றும் அதற்குள்தான்) போகிற மெல்லிய வயர் பூட்டின கொயில் முனையில் மாட்டினார், மற்றதைக் காரின் இரும்புப் பொடியில். பல்பை யன்னல் வழியாக உள்ளே எடுத்து டாஷ்போட்டில் ரேப் போட்டு ஒட்டிவிட்டு, "வாங்கோ தம்பி, அந்த நேர் றோட்டுக்குப் போவம்" என்றார். பொயின்ற் மூடும்போது பல்ப் அணையும், திறக்கும்போது எரியும், ஆகவே இஞ்சின் ஓடும்போது அது துடித்துக்கொண்டே இருக்கும். வெட்டுகிற அந்தக் கணத்தில் பல்ப் முற்றாக அணைந்தால் அநேகமாகக் கொயிலுக்குக் கரண்டு வரவில்லை, முதலில் சுவிச் பக்கம் தேட வேண்டும். துடிக்காமல் ஒரேயடியாக எரிந்தால் கொயில் வரைக்கும் கரண்டு வருகிறது, அதற்கு அப்பால் பொயின்ற் பக்கம் சுற்று அறுகிறது.

எரிந்தது. வெட்டின ஒவ்வொரு தடவையும் பளிச்சென்று நின்று எரிந்தது.

திரும்பி வந்து டிஸ்ரிபியூட்டரின் வக்கியூம் அட்வான்ஸ் குழாயை (இஞ்சின் உறிஞ்சுகிற விசையால் ஸ்பார்க் நேரத்தை முன்னுக்குத் தள்ளுவது) கழற்றி, அந்த வாயில் ஒரு ரப்பர் ரியூபை மாட்டி, இஞ்சின் ஐடிலில் நிற்க வாயால் உறிஞ்சினார். உறிஞ்சும்போது இஞ்சின் தடுமாறியது, விட்டதும் சரியானது. இது மட்டும்தான் விசயம். ஒரே அளவாகக் கால் வைத்து ஓடும்போது வக்கியூம் அதிகம், அது டிஸ்ரிபியூட்டருக்குள் பொயின்ற் பூட்டியிருக்கிற தட்டை இழுத்துத் திருப்பும், தட்டோடு சேர்ந்து பொயின்றுக்குப் போகிற சின்ன வயரும் இழுபடும். நன்றாக மிதித்தால் வக்கியூம் விழுந்துவிடும், ஐடிலிலும் இந்தக் குழாயில் வக்கியூம் இல்லை. அதனால்தான் அந்த நேர் றோட்டில் மட்டும் வந்தது.

மூடியைக் கழற்றினால் அந்த வயர் வெளிப்பார்வைக்கு நல்லாகவே இருந்தது. அண்ணை குறட்டு நுனியால் பிடித்து மெல்ல இழுத்தார், உறை மட்டும் நீண்டது. உள்ளே செப்புக் கம்பி முறிந்து, முறிந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்திருக்கின்றன. பழைய மல்டிமீற்றர் ஒன்றின் வயரை வெட்டி அதில் புது வயர் செய்தார். மீற்றர் வயருக்குள் நூல் மாதிரி நிறைய இழை இருக்கும், எவ்வளவு வளைத்தாலும் லேசில் முறியாது, வீட்டு வயரைப் போட்டால் கெதியாகத் திரும்ப முறியும் என்றார். தட்டிலிருந்து பொடிக்குப் போகிற ஏர்த் வயரையும் அப்படியே மாற்றினார். பொயின்ற் இடைவெளியை 0.4 மில்லிமீற்றருக்கு வைத்து, ரைமிங்கையும் ஒருக்கால் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு வெட்டு இல்லை.

கராஜில் கழற்றிப் போட்ட பழைய கொயிலும் கண்டென்சரும் நல்லவை என்பதுதான் எனக்கு இன்னும் கோபம். உங்களுக்கும் இப்படி வந்திருந்தால் எழுதுங்கள், எப்போது மிஸ் அடித்தது என்பதைக் கட்டாயம் சேர்த்து.

கிளிநொச்சி, லான்சர்

அண்ணை, எனக்கு வந்தது நீங்கள் சொன்ன அந்த மெல்ல இறங்குகிற வகை. பரந்தனிலிருந்து ஆனையிறவுப் பக்கம் கொஞ்ச நேரம் வேகமாக ஓடினால் இழுவை குறையும், தட்டித் தட்டி நின்றுவிடும். பத்து நிமிசம் ஓரத்தில் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்ராட் ஆகும். ஆட்கள் கொயில் சூடாகிறது என்றார்கள், அதுவும் அப்படித்தான் செய்யும் என்பதால் நான் நின்ற உடனேயே ஒரு பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பார்த்தேன், நல்ல நீலமாக அடித்தது. அப்போ பெற்றோல்தான்.

2022 இல் பெற்றோல் இல்லாமல் கியூவில் நின்ற காலம் தெரியும்தானே, கியூஆர் கோட் காட்டி எண்ணெய் அடிக்கிற முறை வந்த பிறகும் பங்கீட்டு அளவுதான் கிடைத்தது. ராங்கில் அடிமட்டத்தில் கொஞ்சம் எண்ணெயோடு கார் மாதக்கணக்கில் கொட்டிலில் நின்றது. வெறும் ராங்கின் மேல்பக்கம் எல்லாம் துருப்பிடித்து, அந்தத் துரு உதிர்ந்து அடியில் கிடந்திருக்கிறது. ஓடும்போது உறிஞ்சுகிற குழாய் வாயில் போய் அடைக்கும், நின்றால் கீழே விழும். ராங்கைக் கழற்றிக் கழுவும்போது வந்த தண்ணீர் செங்கல் நிறம். இப்போது உள்ளே தெரிகிற மாதிரி ஒரு ஃபில்டர் போட்டிருக்கிறேன், இரண்டொரு கிழமைக்கு ஒருக்கால் பார்ப்பேன். கான்களில் வாங்கி வைத்த பெற்றோலை ஊற்றுகிறவர்கள் கடைசிக் கொஞ்சத்தை ஊற்றாமல் விடுங்கள், தண்ணீர் அதில்தான் இருக்கும்.

முள்ளியவளை, சன்னி

எங்களுக்கு மழைக்காலத்து மிஸ். கார்த்திகை, மார்கழியில் விடியப்புறம் கார் எடுத்தால் நொண்டும், வெயில் ஏறினால் இல்லை. கடலும் கிட்ட, உப்புக் காற்று வேறு. இதற்குப் பகலில் தேடுவது வீண் வேலை. இரவில் லைற்றை எல்லாம் நூர்த்துவிட்டு, இஞ்சினை ஓடவிட்டு, பொனற்றைத் திறந்து, பூக்களுக்குத் தெளிக்கிற போத்தலால் பிளக் வயர்களிலும் டிஸ்ரிபியூட்டர் மூடியிலும் புகாராகத் தண்ணீர் அடியுங்கள். எங்கே கரண்டு வெளியே பாய்கிறதோ அங்கே நீலமாக ஓடுவது கண்ணுக்குத் தெரியும். கையை மட்டும் உள்ளே விடவேண்டாம்.

எங்களுடையதில் மூடிக்குள் இரண்டு முனைகளுக்கு நடுவில் மெல்லிய கறுத்த கோடு ஒன்று, அழுக்கு என்று துடைத்தால் போகாது. கரண்டு பாய்ந்து பாய்ந்து கரியான பாதை அது. சுரண்டிப் பார்க்கச் சொன்னார்கள், பலன் இல்லை, மூடியை மாற்றினால்தான் தீரும். ஒரு வயரை எலியும் கடித்திருந்தது. நெல் மூட்டை இருக்கிற கொட்டிலில் கார் விடுகிறவர்கள் அதையும் கவனியுங்கள்.

புதுக்குடியிருப்பு, கொரோலா 110

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சிலிண்டர் மட்டும், அதுவும் இஞ்சின் நன்றாகச் சூடேறின பிறகு. பிளக் வயரை இழுத்தால் நுனியில் ஒயில் வடிந்தது. மேல்மூடியில் பிளக் குழியைச் சுற்றி இருக்கிற ரப்பர் சீல் காய்ந்து, குழிக்குள் ஒயில் இறங்கி நின்றிருக்கிறது. பிளக்கைக் கழற்ற முன்னம் அந்த ஒயிலைத் துணியால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் சிலிண்டருக்குள் போகும். சீல், காஸ்கற், ஊறிப்போன வயர் மூன்றையும் மாற்றினேன்.

வவுனியா

மல்லாவித் தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் மொறிஸ் இன்னும் பொசிற்றிவ் ஏர்த்தா (பற்றரியின் பிளஸ் முனை பொடியில் பூட்டினதா)? அப்படியென்றால் அந்தக் கராஜ் மாற்றின கொயிலை ஒருக்கால் பாருங்கள். பழைய கொயிலில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்று போட்டிருக்கும், குழப்பம் இல்லை. புதுக் கொயிலில் பிளஸ், மைனஸ் என்றுதான் இருக்கும், பொசிற்றிவ் ஏர்த் காரில் பிளஸ் முனைதான் டிஸ்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். மாறிப் பூட்டினாலும் கார் ஓடும், ஆனால் ஸ்பார்க் பலம் குறைவு, ஏற்றத்திலும் பாரத்திலும் விடும்.

மல்லாவி, மொறிஸ் மைனர்

ஓம் அண்ணை, பொசிற்றிவ் ஏர்த்தான். இப்போதுதான் போய்ப் பார்த்தேன், மைனஸ் முனையைத்தான் டிஸ்ரிபியூட்டருக்குக் கொடுத்திருக்கிறார்கள். மாற்றிப் பூட்டிவிட்டேன், நாளைக்கு நாலு பேரை ஏற்றிக்கொண்டு வவுனியா வருகிறேன், ஓடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.