டெர்மினலே திறக்க வேண்டாம்னு சொன்ன மகராசன் யாரு?

கரிசல்காட்டான்:
பழைய லேப்டாப்ல விண்டோஸுக்குப் பதிலா இலவசமா என்ன போடலாம்னு செல்வி டீச்சர் கேட்டதுக்கு, நேத்து புதினாத்துவையல் இப்படி எழுதியிருக்கார்: "லினக்ஸ் மின்ட் போடுங்க டீச்சர். அரை மணி நேர வேலை. கட்டளையைத் தட்டச்சு பண்ற டெர்மினல்ங்கிற கருப்புப் பெட்டியை ஆயுசுக்கும் திறக்க வேண்டாம்." அங்கேயே கேட்டிருப்பேன். டீச்சர் பயந்துடுவாங்கன்னு இங்கே தனியா கேக்குறேன்.

இதே பேச்சை நம்பித்தான் என் மச்சானோட ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்ல, விண்டோஸ் பக்கத்துலயே மின்ட்டும் போட்டுக் கொடுத்தேன். விண்டோஸை எடுக்க வழியில்லை. பில் போடுற சாஃப்ட்வேரும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பழைய பேஜ்மேக்கரும் அதுலதான் இருக்கு. ராத்திரி மின்ட்ல பாட்டுக் கேட்டுட்டு மூடினான். காலையில பத்து மணிக்கு விண்டோஸைத் திறந்து, ஸ்பைரல் பைண்டிங் போட வந்த காலேஜ் பையனுக்கு முதல் பில் கொடுத்தான். பையன் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "அண்ணே, விடியக்காலம் நாலரைக்கே கடை திறந்துட்டீங்களா?"ன்னு கேட்டிருக்கான். பில்லுல 4:30. கடிகாரம் அச்சு அசலா ஐந்தரை மணி நேரம் பின்னாடி. மச்சான் கையால திருத்தினான். கடையில நெட் கிடையாது. சாயங்காலம் மின்ட்டுக்குப் போனா அங்கே ஐந்தரை மணி நேரம் முன்னாடி ஓடுது, சாயங்காலம் ஆறு மணிக்கு ராத்திரி பதினொன்றரை.

சரிபண்ண நான் டெர்மினலைத்தான் திறந்தேன். ஒரே கேள்வி. திறந்தேனா இல்லையா?

புதினாத்துவையல்:
வாங்க வாங்க. ஒரு வருஷமா ஆளைக் காணோமேன்னு பார்த்தேன், என்னைத் திட்டத்தான் வந்திருக்கீங்க.

மதர்போர்டுல ஒரு கடிகாரம் இருக்கு. லினக்ஸ் அதுல கிரீன்விச் கணக்கை, அதாவது யுடிசி நேரத்தை வைக்கும். திரையில காட்டும்போது நம்ம ஊருக்கு ஐந்தரை மணி கூட்டிக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம்னு எடுத்துக்கும். அதனாலதான் உங்க பத்து மணி அங்கே நாலரை ஆச்சு. இதுல மின்ட் என்ன தப்பு பண்ணுச்சு? அது விண்டோஸ் கணக்கு. மின்ட் கணக்குல வராது.

டீச்சருக்கு நான் சொன்னது மின்ட் மட்டும் போடுற கதை. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட ஆதரவு முடிஞ்சுபோச்சு. அவங்க மெஷின்ல டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப் இல்லை, விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. ராம் 4 ஜிபி. மின்ட்டுக்கு 2 இருந்தாலே ஓடும், 4 இருந்தா சௌகரியம். மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரைக்கும் அப்டேட் உண்டு. இதுக்கு மேல என்ன வேணும்? உங்க மச்சான் ரெண்டு பொண்டாட்டி கட்டினா வீட்டுல சண்டை வரத்தான் செய்யும்.

கரிசல்காட்டான்:
மச்சானை விடுங்க. திறந்தேனா இல்லையா?

சுழி:
நண்பர்களே, முதலில் 'தேவை' என்பதை வரையறுத்துக்கொண்டால் நல்லது. நிறுவும்போது தேவையா, நிறுவிய பின் தினசரித் தேவையா, ஏதாவது கோளாறு வந்தால் மட்டும் தேவையா? மூன்றும் மூன்று கேள்விகள்.

அடுத்தது, டீச்சருக்கு ஏன் டெபியன் என்ற லினக்ஸைச் சொல்லக்கூடாது? "வைஃபை ஓடாது" என்று பயமுறுத்திய காலம் போயிற்று. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், வைஃபை போன்ற வன்பொருளை இயக்கும், கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரும் நிறுவும் வட்டிலேயே சேர்ந்து வருகிறது. உபுண்டு டெபியனிலிருந்து வந்தது, மின்ட் உபுண்டுவிலிருந்து வந்தது. மூலவர் இருக்க உற்சவரிடம் எதற்கு மனு?

புதினாத்துவையல்:
சுழி ஐயா, உங்க மூலவர் கருவறைக்குள்ள போக எத்தனை கதவுன்னு தெரியுமில்ல? டெபியன் தரவிறக்கப் பக்கத்துல நெட்இன்ஸ்ட், டிவிடி, லைவ்னு வரிசையா நிக்கும். எதை எடுக்கணும்னு புரியாமலே பாதிப்பேர் திரும்பிடுவாங்க. மின்ட்ல சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇன்னு திரைத்தோற்றம் மூணே மூணு. டீச்சருக்கு எக்ஸ்எஃப்சிஇ. முடிஞ்சது.

கரிசலுக்கு: நீங்க டெர்மினலைத் திறந்தீங்க. திறக்க வேண்டியிருந்துச்சா? விண்டோஸ் பக்கம் போய், அதோட உள் அமைப்பெல்லாம் இருக்கிற ரெஜிஸ்ட்ரியில 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்'னு ஒரு மதிப்பைச் சேர்த்து 1னு போட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். மின்ட்ல கையே வெச்சிருக்க வேண்டாம்.

கரிசல்காட்டான்:
அடடா! டெர்மினல்ல ஒரு வரி அடிச்சா அது பயங்கரம். ரெஜிஸ்ட்ரிக்குள்ள பூந்து கையால புது மதிப்பு சேர்த்தா அது டீச்சருக்கு இட்லி சாப்பிடுற மாதிரி. நல்லா இருக்கு உங்க நியாயம்.

நான் அடிச்சது ஒரே வரி. டைம்டேட்சிடிஎல், செட்-லோக்கல்-ஆர்டிசி, 1. மதர்போர்டு கடிகாரத்தை உள்ளூர் நேரமாவே எடுத்துக்கோன்னு மின்ட்டுக்குச் சொல்றது. மச்சான் கடிகாரம் அன்னைக்கு சரியாச்சு, இன்னைக்கு வரைக்கும் ரெண்டு பக்கமும் ஒரே மணி.

மூணுவட்டம்:
எல்லாரும் மின்ட் மின்ட்னு உருகுறீங்க, உள்ளே இருக்கிறது உபுண்டுதானே? டீச்சருக்கு நேரா உபுண்டுவையே கொடுத்தா என்ன குறைஞ்சுபோகும்? என்கிட்ட ரெண்டு மெஷின்ல விண்டோஸும் உபுண்டுவும் சேர்ந்தே ஓடுது. ஐந்தரை மணி கோளாறு எனக்கு வந்ததே இல்லை.

கரிசல்காட்டான்:
உங்களுக்கு வரலைன்னா இல்லைன்னு ஆயிடுமா? மச்சான் கடையில அந்த பில் இன்னும் ஆணியில குத்தித்தான் இருக்கு. 4:30.

புதினாத்துவையல்:
மூணுவட்டம், மென்பொருளைப் பொட்டலம் கட்டித் தர்ற உபுண்டுவோட ஸ்னாப் முறையை மறந்துட்டீங்களே. உபுண்டு 22.04 வந்தப்போ ஃபயர்ஃபாக்ஸையே ஸ்னாப் பொட்டலமா மாத்தினது யாரு? பழைய ஹார்ட் டிஸ்க்ல பிரவுசர் ஐகானை அழுத்திட்டு ஒரு வாய் காபி குடிச்சுட்டு வரலாம். மின்ட் 2020லயே, 20ஆம் பதிப்புலயே, ஸ்னாப்புக்குக் கதவைச் சாத்திடுச்சு. அதுதான் முதுகெலும்பு.

மூணுவட்டம்:
கதவைச் சாத்திட்டு, பின்வாசல் வழியா எங்க வீட்டு மென்பொருள் கிடங்குலதானே அரிசி பருப்பெல்லாம் எடுத்துக்கிறீங்க? ஸ்னாப் இப்போ எவ்வளவோ வேகமாயிடுச்சு. நீங்க 2022லயே நின்னுட்டீங்க.

செல்வி_டீச்சர்:
வணக்கம். என் பெயர் அடிபடுவதால் எழுதுகிறேன். நான் கேட்டது இரண்டே விஷயம். என்னிடம் 8 ஜிபி பென்டிரைவ் இருக்கிறது, அது போதுமா? தமிழ்99 விசைப்பலகையில் வினாத்தாள் தட்டச்சு செய்ய முடியுமா? கடிகாரம் பற்றி எனக்குக் கவலை இல்லை, கையில் வாட்ச் கட்டியிருக்கிறேன்.

புதினாத்துவையல்:
பாருங்க! டீச்சரே சொல்லிட்டாங்க, கடிகாரம் கவலை இல்லைன்னு. கரிசல் இப்போ என்ன சொல்றார்?

கரிசல்காட்டான்:
கவலை இல்லைன்னுதான் சொன்னாங்க. டெர்மினல் திறக்கலைன்னு சொல்லலையே.

சுன்னாகம்_சுப்பர்:
டீச்சர், 8 ஜிபி தாராளமாய்க் காணும். தமிழ்99க்கு ஒரு விசயம் கவனியுங்கோ. விசைப்பலகை அமைப்பிலை தமிழ்நெட்99 எண்டு ஒண்டு முன்னாலேயே இருக்கும், அதை நம்பி எடுக்க வேண்டாம். அது எழுத்தை மட்டும்தான் மாத்தும், தன்பாட்டில் புள்ளி வைக்காது. 'பக்கம்' எண்டு அடிச்சால் 'பககம்' எண்டு நிற்கும். ஐபஸ்-எம்17என் எண்ட பொட்டலத்தைப் போட்டு, அதுக்குள்ளை இருக்கிற தமிழ்99ஐ எடுங்கோ. ககரத்தை ரெண்டு தரம் தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாய் விழும்.

கடிகாரச் சண்டைக்கு நானும் ஒரு சொல்லு. கரிசல் தம்பி போட்ட அந்தக் கட்டளையை மெசினிலை கேட்டுப் பாருங்கோ, "இந்த முறையை முழுசாய் ஆதரிக்க ஏலாது, நேர வலயம் மாறினால் பிரச்சினை வரும்" எண்டு அதுவே எச்சரிக்கும். ரெஜிஸ்ட்ரி வழிதான் சரி.

கரிசல்காட்டான்:
சுப்பர் அண்ணே, அந்த எச்சரிக்கையை நானும் பார்த்தேன். அது கோடைக்கு ஒரு மணி, குளிருக்கு ஒரு மணின்னு மாத்துற வெள்ளைக்கார ஊருக்கு. நமக்கு ஏது அதெல்லாம்? நம்ம ஐந்தரை எந்தக் காலத்துலயும் ஐந்தரைதான்.

சுன்னாகம்_சுப்பர்:
உங்களுக்கு ஐந்தரை தம்பி. இலங்கையிலை எங்களுக்கு? 1996இல் ஒரே வருசத்திலை ரெண்டு தரம் மணியை மாத்தினவங்கள். மே மாசம் ஆறரை, ஒக்டோபரில் ஆறு. பிறகு 2006 ஏப்ரலில்தான் திரும்ப ஐந்தரைக்கு வந்தது. "நேர வலயம் மாறவே மாறாது" எண்டு எங்கட ஆக்களிட்டைச் சொல்லிப் பாருங்கோ, சிரிப்பினம்.

கரிசல்காட்டான்:
மச்சான் கடை கோவில்பட்டியில இருக்கு அண்ணே, கொழும்புல இல்லை.

சுன்னாகம்_சுப்பர்:
அப்ப ஏன் பொதுவிலை வந்து அறிவுரை சொல்லுறீர்?

சுழி:
டீச்சர் கேட்டதற்கு ஒருவர் பதில் சொன்னதே பெரிய விஷயம். நானும் கொஞ்சம் சேர்க்கிறேன். விண்டோஸை விட்டுவைப்பதானால், அதற்குள் போய் முதலில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில் கிடக்கும். அந்த டிஸ்க்கை லினக்ஸ் பக்கம் திறந்தால் படிக்க மட்டும்தான் வரும், எழுத விடாது. அதற்கும் முன்னால், வினாத்தாள்களை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவையுங்கள். பென்டிரைவிலிருந்து, நிறுவாமலே லைவாக ஓட்டி, வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் பார்த்த பிறகு நிறுவலாம்.

இன்னொன்று. இங்கே 'இலவசம்' என்ற சொல் தொடர்ந்து புழங்குகிறது. அது இலவச மென்பொருள் அன்று. யாரும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள்.

மூணுவட்டம்:
காசு கேக்குதா? இல்லை. அப்போ இலவசம். விடுங்க ஐயா.

புதினாத்துவையல்:
சுழி ஐயா நகல் எடுக்கச் சொல்றதைப் பார்த்ததும் பழசு ஞாபகம் வந்துடுச்சு. பதினஞ்சு வருஷம் முன்னாடி ஒரு கல்லூரியில லினக்ஸ் நிறுவல் விழா. ஒரு பொண்ணோட லேப்டாப்ல டெபியன் போடுறேன்னு உட்கார்ந்து, 'முழு டிஸ்க்கையும் பயன்படுத்து'ன்னு அழுத்தினவர் யாரு? அந்தப் பொண்ணோட ப்ராஜெக்ட் எங்கே போச்சு? நான் பக்கத்து டேபிள்ல இருந்தேன்.

சுழி:
அதை அழுத்தியது நான் அல்ல. அழுத்தும்போது அருகில் நின்றேன். இதை ஏற்கெனவே நான்கு முறை விளக்கியாயிற்று.

புதினாத்துவையல்:
அஞ்சாவது முறையும் விளக்குங்க. நான் சொல்ல வந்தது இதுதான். மின்ட்டா இருந்திருந்தா 'விண்டோஸ் பக்கத்துலயே நிறுவட்டுமா'ன்னு முதல் வரியிலயே கேட்டிருக்கும். பார்ட்டிஷனை இழுத்து அளவு வைக்க ஒரு கோடு, அவ்வளவுதான். டைம்ஷிஃப்ட் இருக்கு, இன்னைக்கு நிலைமையைப் படம் பிடிச்ச மாதிரி எடுத்து வெச்சுக்கிட்டு, நாளைக்கு ஏதாவது கெட்டா பின்னால போகலாம். சுப்பர் சொன்ன எம்17என் பொட்டலம்கூட சாஃப்ட்வேர் மேனேஜர்ல தேடி அழுத்தினா போதும். எங்கேயாவது டெர்மினல் வந்துச்சா? இல்லை. நான் சொன்னது சொன்னதுதான்.

கரிசல்காட்டான்:
வாயாலயே மாட்டினீங்க! 'விண்டோஸ் பக்கத்துலயே நிறுவட்டுமா'ன்னு கேக்குறது யாரு? மின்ட். சரின்னு நான் அழுத்தினேன். தானே கூப்பிட்டுப் பந்தியில உட்கார வெச்சுட்டு, இலையில மணி தப்பா விழுந்தா "அது பக்கத்து இலைக்காரன் கணக்கு"ன்னு சொன்னா எப்படி? அந்த ஐந்தரையைச் சரிபண்ண மின்ட்ல ஒரு பட்டனைக் காட்டுங்க. ஒரே ஒரு பட்டன். நான் இந்தப் பக்கமே வரலை.

புதினாத்துவையல்:
விண்டோஸ்ல தேதி அமைப்புல 'இப்போதே ஒத்திசை'ன்னு பட்டன் இருக்கு.

கரிசல்காட்டான்:
மின்ட்ல கேட்டேன்.

புதினாத்துவையல்:
கோளாறு எங்கே தெரியுதோ அங்கேதான் பட்டன் தேடணும். தலைவலிக்குக் கால்ல தைலம் தேய்ப்பீங்களா?

மூணுவட்டம்:
இந்தப் பஞ்சாயத்து 2005லயே நான் பார்த்தது. அப்போ உபுண்டு சிடி வேணும்னு விண்ணப்பிச்சா வீட்டுக்கே தபால்ல வரும், தபால் செலவும் அவங்களோடது. 2011 வரைக்கும் அனுப்பினாங்க. பத்து சிடி வாங்கித் தெருவெல்லாம் கொடுத்திருக்கேன். அப்பவும் இதே புதினா...

புதினாத்துவையல்:
பத்து சிடி கொடுத்தீங்க. எத்தனை பேர் போட்டாங்க? எங்க தெருவுல அதைக் கொய்யா மரத்துல கட்டித் தொங்கவிட்டாங்க, கிளி வராம இருக்க.

செல்வி_டீச்சர்:
பக்கத்து வீட்டுப் பையன் உதவியோடு பென்டிரைவிலிருந்து மின்ட் வந்துவிட்டது. வைஃபை எடுக்கிறது, பிரிண்டர் பார்க்கவில்லை. இப்போது நிறுவும் இடத்தில் இரண்டு வரி கேட்கிறது. ஒன்று விண்டோஸுடன் சேர்த்து, இன்னொன்று டிஸ்க் முழுவதையும் அழித்து. எதை அழுத்த?

சுழி:
டீச்சர், இரண்டையும் அழுத்த வேண்டாம். நகல் எடுத்தீர்களா?

புதினாத்துவையல்:
முழுசா அழிச்சுடுங்க டீச்சர், அப்போதான் கடிகாரம் சரியா நிக்கும். கரிசலுக்கும் பதில் கிடைச்ச மாதிரி இருக்கும்.

கரிசல்காட்டான்:
ஆகக்கூடி, விண்டோஸ் இருந்தா டெர்மினல் திறக்கணும்னு ஒத்துக்கிறீங்க.

புதினாத்துவையல்:
எங்கே ஒத்துக்கிட்டேன்? மேலே ஏறிப் படிச்சுப் பாருங்க.

சுழி:
டீச்சர், இருக்கிறீர்களா? நகல் எடுத்தீர்களா என்று கேட்டேன்.

கரிசல்காட்டான்:
படிச்சேன். பட்டன் எங்கே?