புதுப்பிப்பு: பட்டறை வேலைக்கு நடுவே உடல்நலம்

ராணிப்பேட்டையில் காலணி மேல்பாகம் தைக்கும் பட்டறையை நடத்திக்கொண்டே சர்க்கரையையும் தூக்கத்தையும் எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னவற்றில் பெரிதும் உதவியது, கணக்குப் பார்ப்பதை இரவிலிருந்து பிற்பகலுக்கு மாற்றும் யோசனைதான். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வேலூர்ப் பக்கத்து வெயிலுக்கு விடியற்காலையே உகந்தது என்பதால், காலையில் பட்டறை திறக்கும் பொறுப்பை மேஸ்திரி அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு நடக்கிறேன். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் நாளிலும் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதில்லை. சிலவகைச் சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும், தொழில் செய்பவர்கள் இதைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். ரத்தச் சர்க்கரையின் ஏறத்தாழ 3 மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையை அடுத்து எடுக்கவிருக்கிறேன். முடிவு வந்ததும் எழுதுகிறேன்.