அமெரிக்காவில் ஓடிபி வரும் என்று நம்பி கார்டு நம்பர் கொடுக்காதீர்கள்

புதிதாக வந்திறங்கிய தம்பி தங்கைகள் நிறையப் பேர் ஒரே மாதிரி கேட்கிறார்கள்: "வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தர் வீடு பார்த்துத் தருகிறேன் என்கிறார், அப்ளிகேஷன் ஃபீஸுக்கு கார்டு விவரம் அனுப்பச் சொல்கிறார், அனுப்பலாமா?" அனுப்பாதீர்கள். அவர் தமிழில் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் சரி.

ஊரில் கார்டு நம்பர் வெளியே போனாலும் ஓடிபி வராமல் பணம் போகாது என்று பழகிவிட்டோம். ஆன்லைனில் கார்டு பயன்படுத்த இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-லேயே கட்டாயமாக்கிவிட்டது. அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. கார்டு நம்பர், காலாவதித் தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்கம், உங்கள் ஸிப் கோடு இவ்வளவும் இருந்தால் பெரும்பாலான கடைகளில் வாங்கிவிடலாம். உங்கள் போனுக்கு எதுவும் வராமலே போகலாம்.

திருடுபவர்கள் பல நேரம் முதலில் ஒரு டாலர், இரண்டு டாலர் என்று எடுத்துப் பார்ப்பார்கள். கார்டு வேலை செய்கிறது என்று தெரிந்ததும் கிஃப்ட் கார்டு, போன் என்று பெரிய தொகைக்குப் போவார்கள். அதனால் ஸ்டேட்மென்ட்டில் புரியாத சின்னத் தொகை இருந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். பேங்க் ஆப்பில் ஒவ்வொரு செலவுக்கும் அலர்ட் வருகிற மாதிரி இன்றைக்கே மாற்றிவையுங்கள்.

சட்டம் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. 1970-இல் வந்த சட்டப்படி, அனுமதியில்லாமல் உங்கள் கிரெடிட் கார்டைப் பயன்படுத்தினால் உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர்தான். டெபிட் கார்டு அப்படியில்லை. கார்டு தொலைந்ததோ திருடுபோனதோ தெரிந்து இரண்டு வேலை நாளுக்குள் சொன்னால் 50 டாலர், தாமதித்தால் 500 டாலர் வரை. ஸ்டேட்மென்ட் அனுப்பி 60 நாள் தாண்டியும் சொல்லாவிட்டால், அதற்குப் பிறகு போகிற பணத்துக்கு வரம்பே கிடையாது. அதுவும் வாடகைக்கு வைத்திருந்த பணம் கணக்கிலிருந்து நேராகப் போய்விடும். ஆன்லைனில் டெபிட் கார்டைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்று, "உனக்கு கேஷ்பேக் தருகிறேன், உன் கார்டில் வாங்கிக்கொள்கிறேன்" என்பவருக்கு நீங்களே சம்மதித்துக் கொடுத்தால் அது அனுமதியில்லாத பயன்பாடு என்று வாதாடுவது கடினம். பில் உங்கள் தலையில்தான் விழும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது இது. "செமஸ்டர் ஃபீஸை 10 சதவீதம் தள்ளுபடியில் கட்டித் தருகிறோம்" என்று சிலர் வருவார்கள். பல்கலைக்கழகக் கணக்கில் ஃபீஸ் கட்டியதாகவே காட்டும், நம்பி அவர்களுக்கு ஸெல் (Zelle) என்ற வங்கிவழிப் பணம் அனுப்பும் சேவையில் பணம் அனுப்பிவிடுவீர்கள். அவர்கள் கட்டியது வேறு யாரோ ஒருவரின் திருட்டுக் கார்டில். உரிமையாளர் புகார் செய்ததும் அந்தப் பணம் திரும்பிப் போய்விடும். முழு ஃபீஸும் மறுபடி உங்கள் பாக்கி, அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாமல் போகும், விசாவுக்கும் சிக்கல் வரலாம். ஊருக்குப் போக மலிவு விமான டிக்கெட் என்று வருவதிலும் இதே வழிதான் நடக்கிறது.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? பதறவும் வேண்டாம், வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம். ஆப்பில் கார்டை லாக் செய்யுங்கள், கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டுப் புது நம்பர் கேளுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கிற எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள், அங்கேயும் போலிகள் உண்டு. கிரெடிட் கார்டு என்றால், தவறான தொகை வந்த ஸ்டேட்மென்ட்டை அனுப்பிய 60 நாளுக்குள் எழுத்திலும் மறுத்து அனுப்புங்கள். விசாரணை முடியும்வரை அந்தத் தொகையைக் கட்டத் தேவையில்லை, ஆனால் மீதி பில்லைக் கட்டாயம் கட்டுங்கள். இல்லாவிட்டால் இப்போதுதான் தொடங்கியிருக்கும் கிரெடிட் ஸ்கோர் விழுந்துவிடும்.

அமெரிக்க அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் கொடுத்திருந்தால், நம் கடன் வரலாற்றை வைத்திருக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்று நிறுவனங்களிலும் உங்கள் பெயரில் வேறு யாரும் புதுக் கடன் வாங்க முடியாதபடி கிரெடிட்டை ஃப்ரீஸ் செய்யுங்கள். 2018 முதல் இது இலவசம். புது வீடோ கார் லோனோ எடுக்கும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம்.

புது கார்டு வந்ததும் போன் பில், கரண்ட் பில் ஆட்டோபேயில் நம்பரை மாற்ற மறக்காதீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த கார்டில் வெளிநாட்டு ஆன்லைன் பயன்பாட்டை பேங்க் ஆப்பிலேயே அணைத்துவிடலாம், அதையும் செய்துவிடுங்கள்.