படிக்கும்போதே வெப்சைட் செய்து கொடுத்தவர்களே, உங்கள் முதல் பார்ட்டி யார்?

பாத்திரக்கடை தம்பி:

நானே ஆரம்பித்து வைக்கிறேன். என் முதல் பார்ட்டி திருநெல்வேலி டவுனில் ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி. 2007, தீபாவளி முடிந்த கையோடு. அப்போது நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். அதற்கு முன் செய்திருந்த ஒரே சைட் எங்கள் டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கானது. மேலே மார்க்கீயில் எழுத்து ஓடும், கீழே வந்தவர்களை எண்ணும் ஒரு கவுன்ட்டர், எல்லாமே டேபிளுக்குள் டேபிள். சிம்போசியம் முடிந்த மறுநாளிலிருந்து அதை யாருமே திறக்கவில்லை, நானும்தான். அதை வைத்துக்கொண்டு என்னை நானே வெப் டிசைனர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அண்ணாச்சியின் மருமகன் மஸ்கட்டில் இருந்தார். சீர்வரிசைப் பாத்திரங்களை நெட்டில் போட்டால் வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்த்துவிட்டு ஊரில் உள்ள வீட்டாரிடம் சொல்லி வாங்குவார்கள் என்பது அவர் யோசனை. மொத்தம் 4000 ரூபாய் பேசினோம். அட்வான்ஸ் 1001. அந்த ஒரு ரூபாயைத் தனியாக எடுத்து என் கையில் வைத்தார். பின்னால் கவுன்ட்டர் வைத்தபோதும் பூஜ்யத்தில் ஆரம்பிக்கக் கூடாது, 1001-இல் ஆரம்பி என்றார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, முதல் வாரத்தில் வந்தவர்கள் நானும் மருமகனும் மட்டுமே.

முதல் சிக்கல் போட்டோ. எவர்சில்வர் குடத்தைப் படம் எடுத்தால் குடத்துக்குள் நான் நிற்கிறேன், பக்கத்தில் ட்யூப்லைட் நிற்கிறது, வாசலில் போகிற ஆட்டோவும் நிற்கிறது. நண்பனின் 3.2 மெகாபிக்சல் நோக்கியாவில் நாற்பது படம் எடுத்தேன், நாற்பதிலும் நான். கடைசியில் அண்ணாச்சியே எதிர்க் கடையிலிருந்து இரண்டு புது வேட்டி எடுத்துவரச் சொல்லி, நாலு பக்கமும் கூடாரம் மாதிரி கட்டி, நடுவில் பாத்திரத்தை வைத்து, போன் நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டார். படம் நன்றாக வந்தது. ரொம்ப நாள் கழித்துத்தான் போட்டோ ஸ்டுடியோக்காரர்களும் மினுமினுப்பான சாமான்களை இப்படித்தான் எடுப்பார்கள் என்று தெரிந்தது. வேட்டி பழையபடி மடித்துத் திரும்பப் போய்விட்டது, பாவம் எதிர்க் கடைக்காரர்.

இரண்டாவது சிக்கல் தமிழ். நோட்டீஸ் அடித்த டி.டி.பி. சென்டரில் பேஜ்மேக்கர் ஃபைலை வாங்கினேன். எழுத்து வானவில் என்ற பழைய தமிழ் ஃபான்டில் இருந்தது. நெட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டுகிறது. சரி, எல்லாவற்றையும் இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில், எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடாகத் திரும்ப அடித்தேன், இரண்டு ராத்திரி போனது. கடைக்குப் போய் பெருமையாகத் திறந்து காட்டினால் அவருடைய விண்டோஸ் எக்ஸ்.பி. மெஷினில் முழுப் பக்கமும் கட்டம் கட்டமாக நிற்கிறது. "என்னடே இது, சன்னல் கம்பி மாதிரில்லா இருக்கு?" என்றார். ரீஜனல் செட்டிங்கில் ஒரு டிக் போட வேண்டும், அதைப் போட்டால் எக்ஸ்.பி. சி.டி. கேட்கும், சி.டி. எங்கே என்று அவருக்கு எப்படித் தெரியும்? அப்புறம் கான்டாக்ட் ஃபார்மில் 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்று ஒரு எர்ரர் வந்து மூன்று நாள் தின்றது. அப்போதைய நோட்பேடில் யூனிகோடுக்கான யூ.டி.எஃப்-8 என்று சேமித்தால் ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டை அதுவே சேர்த்துவிடும், சர்வரில் ஃபார்மை ஓட்டும் பி.எச்.பி. அதை முதலில் வெளியே துப்பிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்க்கும். இது தெரியாமல் என் கோடை வரி வரியாக அழித்து அழித்து எழுதினேன்.

ஏற்றுவதெல்லாம் பாளையங்கோட்டையில் நண்பன் வீட்டில். பி.எஸ்.என்.எல்.-இல் 500 ரூபாய்த் திட்டம், ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இழுத்தாலும் கணக்கில்லை. அலாரம் வைத்து எழுந்திருப்போம், அவன் படம் இறக்குவான், நான் சர்வருக்கு ஃபைல் அனுப்பும் எஃப்.டி.பி.-யில் குடமும் குத்துவிளக்கும் ஏற்றுவேன். பொங்கலுக்கு சைட் வந்துவிட்டது. மீதிப் பணமும் வந்துவிட்டது.

இப்போதுதான் உண்மையான கதை. என்னிடம் கிரெடிட் கார்டு கிடையாது. அதனால் ஒரு ரீசெல்லருக்கு வங்கியில் பணம் கட்டி நவம்பர் 12 அன்று டொமைன், அதாவது சைட்டின் பெயர், வாங்கியிருந்தேன், என் பெயரில், நான் எப்போதாவது திறக்கும் ஒரு மெயில் ஐ.டி.யில். ஒரு வருடத்துக்கு மட்டும். அடுத்த நவம்பரில் எனக்கு ஏழாவது செமஸ்டர் பரீட்சை, அதோடு ஒரு அரியர் பேப்பர். டொமைன் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. 2009 ஜனவரி முதல் வாரம் அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, மருமவன் போன மாசமே சொன்னான், நம்ம சைட்டத் திறந்தா யாரோ வெள்ளக்காரி சிரிக்காளாம், கார் லோன் வேணுமான்னு கேக்காளாம்."

பார்த்தால் காலாவதியாகி ஐம்பது நாள் தாண்டிவிட்டது. டாட் காமில், காலாவதியான பிறகும் சில வாரம் சாதாரண விலையிலேயே புதுப்பிக்க விடுவார்கள். அதையும் விட்டால் 'ரிடெம்ப்ஷன்' என்று ஒரு 30 நாள், அதில் மீட்க வேண்டுமென்றால் தனி அபராதம். அதுவும் போனால் ஐந்து நாளில் பெயர் அழிந்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். என்னிடம் கேட்ட அபராதம் 80 டாலர். அன்றைய கணக்கில் 4000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கடையில் நான் மொத்தமாக வாங்கிய கூலியே அவ்வளவுதான்.

கடைக்குப் போய் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சர்வர், ரெஜிஸ்ட்ரார், டி.என்.எஸ். என்று என்னென்னவோ உளறினேன். அண்ணாச்சி கல்லாவில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "வாடக கட்டலன்னா ஓனர் பூட்டு போட்டுட்டான், அவ்வளவுதானே?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, அக்ரிமென்ட் யாரு பேருல இருக்கு?" என் பெயரில் அண்ணாச்சி என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு இட்லிக் கொப்பரை எடுத்துக் காட்டி, விலை பேசி, பில் போட்டு அனுப்பினார். அவ்வளவு நேரமும் நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு கல்லாவிலிருந்து 2000 எடுத்து வைத்தார். "மிச்சத்த நீ போடு. அப்பத்தான் அடுத்த வருசம் ஞாபகம் இருக்கும்."

அம்மாவிடம் ப்ராஜெக்ட் செலவு என்று சொல்லி வாங்கினேன். மீட்டது ஜனவரி 14, பொங்கலன்று. மறுநாளே டொமைனை அவர் பெயருக்கு மாற்றினேன். நீங்கள் சொல்லுங்கள்.

கோவைக்காரி:

எனக்குப் பார்ட்டியே கிடையாது, கூலியும் கிடையாது. 2021 மே, கொரோனா இரண்டாம் அலை. இரண்டாம் வருடம், கல்லூரி மூடியிருந்தது, வீட்டிலிருந்து ஆன்லைன் வகுப்பு. நாங்கள் நாலு பேர் சேர்ந்து கோவை, திருப்பூர், பொள்ளாச்சி பக்கம் ஆக்சிஜன் படுக்கை, சிலிண்டர் நிரப்பும் இடம், ஆம்புலன்ஸ் எண்களை ஒரே பக்கத்தில் போட்டோம். அரசின் படுக்கை விவரத் தளம் இருந்தது, 104 என்ற சுகாதார உதவி எண் இருந்தது. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான எண்களில் எது உண்மை என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. ஒரு கூகுள் ஷீட், அதைப் படித்துக் காட்டும் ஒரு பக்கம், ஓசி சர்வர். ஒரே ராத்திரியில் செய்தோம். அழகாகவே இருந்தது, தேடல், வடிகட்டல் எல்லாம் வைத்திருந்தோம்.

ஷிஃப்ட் போட்டு ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டு, பேசிய நேரத்தை ஷீட்டில் அடிப்போம். மூன்று மணி நேரத்துக்கு மேல் பழசானால் அந்த வரி தானாகச் சாம்பல் நிறமாகிக் கீழே போய்விடும். இந்த யோசனை என்னுடையதுதான், அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. நாங்கள் அடித்தது இந்திய நேரம். சர்வர் அதை யூ.டி.சி., அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம், என்று எடுத்துக்கொண்டது. மதியம் 2 மணிக்குப் பேசியதாக அடித்தால் அதன் கணக்கில் அது ராத்திரி ஏழரை. அதாவது இன்னும் வரவே வராத நேரம். அதனால் மூன்று மணி நேரத்தில் பழசாக வேண்டியது எட்டரை மணி நேரம் புதுசாகவே பச்சையில் நின்றது.

இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று பக்கத்தின் அடியில் என் எண்ணைப் போட்டிருந்தோம், அதை ஆஸ்பத்திரி எண் என்று நினைத்தே நிறையப் பேர் கூப்பிட்டார்கள். ஒருநாள் ராத்திரி ஒருவர், என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார், "ஏங்க, பச்சையா இருக்குன்னுதானுங்க அங்க போனோம்" என்றார். சத்தமே போடவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அவர் அம்மாவுக்கு வேறு இடத்தில் இடம் கிடைத்ததை மறுநாள் நானே கூப்பிட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்த ஐந்தரை மணி நேரத்தைச் சரி செய்ததும் 140 வரியில் 30-தான் பச்சையில் மிஞ்சியது. பக்கம் காலியாகத் தெரிகிறது, வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்று எங்களுக்குள் பெரிய சண்டை. ஒருத்தி குழுவை விட்டே போய்விட்டாள், இப்போது பேசிக்கொள்கிறோம். ஜூன் நடுவில் கூப்பிடுகிற எண்களெல்லாம் "படுக்கை காலியாத்தான் இருக்குது" என்று சொல்ல ஆரம்பித்தன. பக்கத்தை எடுத்துவிட்டோம். ரெஸ்யூமேயில் போடு என்று எல்லோரும் சொன்னார்கள், போட்டேன். இன்டர்வியூவில் எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று கேட்டார்கள். அந்த எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

யாழ்ப் பொடியன்:

முதல் ஆள் சொன்ன டொலர் கதை என்னிடமும் இருக்கிறது. நான் கம்பஸ் மூன்றாம் வருடம், 2022 ஜனவரி. நல்லூர்ப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதி, முதலாளியை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் என்று சொன்னேன், எங்கள் இலங்கை ரூபாய். அதற்குள் ஒரு வருட ஹோஸ்டிங்கும், அதாவது சைட்டை வைக்கும் சர்வர் வாடகையும், அடக்கம். ஹோஸ்டிங் 90 டொலர், அப்போது டொலர் 203 ரூபாய் அளவில் நின்றது, 18,000 போனாலும் மிச்சம் கைக்கு வரும் என்று கணக்கு. அண்ணையிடம் காசு வாங்கினபிறகு கட்டுவோம் என்று ஹோஸ்டிங்கைத் தள்ளிப் போட்டேன். பிழை அதுதான்.

மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள், அதாவது டொலர் விலையைப் பிடித்து வைப்பதை விட்டார்கள். மே மாதம் டொலர் 360. அதே 90 டொலர் இப்போது 32,000-க்கு மேல். அதற்கிடையில் கரண்ட் வேறு இல்லை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். எங்கள் பிரிவுக்கு எத்தனை மணிக்குப் போகும் என்ற அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் லாப்டொப்பைத் திறப்பேன். பட்டரி முடிந்தால் போனில் கோட் எழுதுவேன். போனில் ஒரு அடைப்புக்குறியைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு பாடு என்று எழுதினவர்களுக்குத்தான் தெரியும்.

அண்ணையிடம் போய்க் கதைத்தேன். "அண்ணை, டொலர் ஏறிட்டுது." அவர் சொன்னார், "தம்பி, எனக்கு அரிசியும்தான் ஏறினது. அறை எல்லாம் வெறுமையாக் கிடக்குது, பார்." உண்மைதான், பெட்ரோல் இல்லாத நாட்டுக்கு யார் சுற்றிப் பார்க்க வருவார்? என்னுடைய வங்கிக் கார்டில் வெளிநாட்டுக் காசு கட்ட முயன்றால் மறுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் டொரன்டோவில் இருக்கிற சித்தப்பா தன் கார்டில் கட்டினார். முகப்பு, அறை, விலை, தொடர்பு என்று நாலு பக்கத்தை வெறும் ஹெச்.டி.எம்.எல்.-இல் எழுதிக் காசில்லாத ஒரு இடத்தில் ஏற்றிவிட்டு, டொமைனுக்கு மட்டும் சித்தப்பாவின் காசு. மொத்தம் பதினைந்து டொலர்கூட இல்லை. 90 டொலருக்கு நான் முதலில் திட்டம் போட்டது எதற்கு என்று அப்போதுதான் யோசித்தேன். வேர்ட்பிரஸ் என்ற சைட் கட்டும் மென்பொருளைப் போட்டால் பெரிய வேலை மாதிரித் தெரியும், அவ்வளவுதான் காரணம். அந்த நாலு பக்கம் இப்போதும் அப்படியே இருக்கிறது. விலையை மட்டும் நான் போனில் மாற்றிக் கொடுப்பேன்.

புதுசு:

முதல் பதிவு போட்ட அண்ணாவுக்கு ஒரு கேள்வி. நான் இப்போது இரண்டாம் வருடம், எங்கள் தெருவில் ஒரு அரிசி மண்டிக்குச் செய்கிறேன். டொமைனை ஓனர் பெயரிலேயே வாங்கலாம் என்றால் அவருக்கு மெயிலே கிடையாது. ஓ.டி.பி. எல்லாம் என் போனுக்கு வரட்டும் என்கிறார். என்ன செய்வது?

பாத்திரக்கடை தம்பி:

உன் போன் வேண்டாம். அவர் வாட்ஸ்அப் வைத்திருக்கும் எண்ணிலேயே ஒரு மெயில் திறந்து கொடு. ரெக்கவரிக்கு அவர் மகனோ மகளோ, வீட்டில் யாராவது ஒருவர் எண். முதல் ஓ.டி.பி.யை அவரையே வாசிக்கச் சொல், நீ அடி. பாஸ்வேர்டை அவர் தொலைத்துவிடுவார் என்று பயப்படாதே. அண்ணாச்சி அதைப் பேரேட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு எழுதி வைத்தார். ஒவ்வொரு சித்திரையிலும் புதுப் பேரேடு போடும்போது அதையும் பார்த்து எழுதிவிடுவார். ஒரு வருடம் நான் பாஸ்வேர்டை மறந்து அவருக்குப் போன் செய்து கேட்டேன்.