விண்டோஸ் 11 புதிதாகப் போடும்போது எஸ்எஸ்டி தெரியவில்லை: எந்த டிரைவரை, எப்படிக் கொடுப்பது?

மரப்பாலம்:
வணக்கம். இன்டெல் 11-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி உள்ள லேப்டாப். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால், எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் 11 போடலாம் என்று பென்டிரைவில் இன்ஸ்டாலர் தயார் செய்தேன். டிஸ்க் தேர்ந்தெடுக்கும் திரையில் பட்டியல் காலியாக இருக்கிறது. பயாஸில் எஸ்எஸ்டி தெரிகிறது, பழைய விண்டோஸ் 10-உம் அதிலிருந்து ஒழுங்காக பூட் ஆகிறது. ஆர்எஸ்டி (இன்டெலின் சேமிப்பகத்துக்கான) டிரைவரின் செட்அப் இஎக்ஸ்இ ஃபைலை பென்டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' கொடுத்தால், டிரைவர் எதுவும் இல்லை என்கிறது. லேன் போர்ட் கிடையாது. வைஃபையும் வராமல் போனால் என்ன வழி? இன்னும் எதையும் அழிக்கவில்லை, கோப்புகளுக்கு பேக்கப் இருக்கிறது.

திருகாணி:
அழிக்காமல் கேட்டது நல்லது. வேண்டிய டிரைவர் எல்லாம் அந்த விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது.

முதலில் காரணம். 11-ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்புகளில் எஸ்எஸ்டி நேராக விண்டோஸுக்குத் தெரியாது, நடுவே விஎம்டி என்ற கன்ட்ரோலர் நிற்கும். அதற்கான டிரைவர் இன்ஸ்டாலருக்குள் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால்தான் பயாஸுக்குத் தெரிவது இன்ஸ்டாலருக்குத் தெரியவில்லை. எஸ்எஸ்டி பழுது இல்லை.

'லோட் டிரைவர்' தேடுவது ஐஎன்எஃப் ஃபைலை (டிரைவரை எப்படி ஏற்றுவது என்று சொல்லும் ஃபைல்) மட்டும். இஎக்ஸ்இ-யைத் திறந்து பார்க்க அதற்குத் தெரியாது. விண்டோஸ் 10-க்குப் போய், கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அந்த செட்அப் ஃபைலின் பெயர், பிறகு ஒரு சிறு கோடு (-) சேர்த்து 'எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்' (ஒரே சொல்லாக), பிறகு ஃபோல்டர் பாதை என்று கொடுங்கள். உள்ளே விஎம்டி என்று பெயருள்ள ஃபோல்டரில் ஐஎன்எஃப், எஸ்ஒய்எஸ், கேட் ஃபைல்கள் இருக்கும். ஐஎன்எஃப்-ஐ மட்டும் பிரித்தெடுக்காமல் ஃபோல்டரை முழுதாக பென்டிரைவில் போடுங்கள். கேட் ஃபைலில்தான் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது, அது இல்லாவிட்டால் ஏற்காது.

இன்ஸ்டாலரில் அந்த ஃபோல்டரைக் காட்டினால் 'இன்டெல் ஆர்எஸ்டி விஎம்டி கன்ட்ரோலர் 9ஏ0பி' என்று ஒரு வரி வரும். அதுதான் 11-ஆம் தலைமுறை லேப்டாப்புக்கு உரியது. 12-ஆம் தலைமுறைக்கு 467எஃப். பொருந்தாத டிரைவர்களை மறைக்கும் டிக்கை எடுத்த பிறகுதான் ஏதாவது தெரிகிறது என்றால் தவறான பதிப்பை இறக்கியிருக்கிறீர்கள். பதிப்பு எண் பெரிதாக இருப்பதை எடுக்க வேண்டாம். புதியவை பழைய தலைமுறைகளைக் கைவிட்டுவிடும். உங்கள் மாடலின் பக்கத்தில் கொடுத்திருப்பதே சரி.

வடகிழக்கு:
ஒரே ஒரு எஸ்எஸ்டி, ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைப்பது) இல்லை என்றால் பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுவதே எளிது என்பேன். அணைத்தால் விண்டோஸின் சொந்த என்விஎம்இ டிரைவரே போதும். ஏசர் லேப்டாப்புகள் பலவற்றில் இந்த அமைப்பு மறைந்திருக்கும். பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால் வெளியே வரும்.

ஆனால் அணைத்த பிறகு பழைய விண்டோஸ் 10 பூட் ஆகாது, 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை வரும். பயப்பட வேண்டாம், மறுபடி ஆன் செய்தால் பழையபடி வரும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் குறியாக்கம்) போட்டிருந்தால் 48 இலக்க ரிக்கவரி கீயை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பயாஸில் கை வைத்தால் கேட்கக்கூடும். எஸ்எஸ்டியோடு 32 ஜிபி ஆப்டேன் (இன்டெலின் வேக நினைவகம்) சேர்ந்த மாடல் என்றால் இந்த வழி ஆகாது, திருகாணி சொன்னதைச் செய்யுங்கள்.

கணிமேடை:
எந்த வழியில் போனாலும் அழிக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். பென்டிரைவில் ஒரு காலி ஃபோல்டரை முதலில் உருவாக்குங்கள், கட்டளை தானாக உருவாக்காது. கமாண்ட் பிராம்ப்ட்டில் (இதற்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் வேண்டும்) பிஎன்பியூட்டில் (விண்டோஸோடு வரும் டிரைவர் கருவி) கட்டளை, ஸ்லாஷ் போட்டு 'எக்ஸ்போர்ட்-டிரைவர்', அடுத்து நட்சத்திரக் குறி, கடைசியில் ஃபோல்டர் பாதை. மைக்ரோசாஃப்ட்டின் சொந்த டிரைவர்கள் நீங்கலாக மற்ற எல்லாம், ஒவ்வொன்றும் தனி ஃபோல்டராக, ஐஎன்எஃப் வடிவிலேயே வந்துவிடும். விஎம்டி டிரைவரும் அதில் இருக்கும், 'ஐஏஸ்டோர்விடி' என்று தொடங்கும் ஃபோல்டரைப் பாருங்கள். 'லோட் டிரைவரில்' அதையே காட்டலாம்.

வைஃபைக்கும் இதுவே மருந்து. முதல் அமைப்புத் திரை இணையம் கேட்டு நின்றால் ஷிஃப்ட்+எஃப்10 (சில கீபோர்டில் எஃப்என்-உம் சேர்த்து) அழுத்தினால் கமாண்ட் பிராம்ப்ட் வரும். அங்கே அதே பிஎன்பியூட்டிலை 'ஆட்-டிரைவர்', ஃபோல்டர் பாதையில் நட்சத்திரம் புள்ளி ஐஎன்எஃப், 'சப்டிர்ஸ்', 'இன்ஸ்டால்' என்ற வரிசையில் ஓட்டுங்கள். பென்டிரைவின் டிரைவ் எழுத்து மாறியிருக்கும், டி, இ, எஃப் என்று பார்த்துக் கண்டுபிடியுங்கள். அவசரத்துக்கு ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டாலும் இணையம் வந்துவிடும், அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே உண்டு.

மரப்பாலம்:
ஐஏஸ்டோர்விடி ஃபோல்டரைக் காட்டியதும் டிஸ்க் வந்துவிட்டது, மிக்க நன்றி. வைஃபை ஃபோல்டரை மட்டும் சேர்த்து இன்ஸ்டால் முடித்தேன். இப்போது டச்பேட் அசையவில்லை. டிவைஸ் மேனேஜரில் இரண்டு மஞ்சள் குறி, இரண்டிலும் கோட் 28. ஹார்ட்வேர் ஐடியில் விஇஎன் (தயாரிப்பாளர் எண்) 8086 பொது, டிஇவி (சாதன எண்) ஒன்றில் ஏ0இ8, மற்றதில் 9ஏ03.

கணிமேடை:
கோட் 28 என்றால் டிரைவரே ஏறவில்லை என்று அர்த்தம். விஇஎன் 8086 இன்டெல். (10இசி என்றால் ரியல்டெக், 14சி3 என்றால் மீடியாடெக்.) ஏ0இ8 என்பது சீரியல் ஐஓ ஐ2சி கன்ட்ரோலர். டச்பேட் அதன் வழியாகத்தான் பேசுகிறது. அது ஏறாத வரை டச்பேட் டிரைவரை எத்தனை முறை போட்டாலும் பலன் இல்லை. 9ஏ03 டைனமிக் ட்யூனிங், வெப்பத்தையும் மின்சாரத்தையும் கட்டுப்படுத்துவது. அதையும் விட்டுவைக்காதீர்கள்.

யூஎஸ்பி மவுஸைச் செருகி, எக்ஸ்போர்ட் செய்த ஃபோல்டர் முழுவதையும் 'சப்டிர்ஸ்' சேர்த்து ஒரே தடவையில் ஏற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரம் வரும் செயலி எதையும் போட வேண்டாம்.